ஒரே பெயரில் இருவர்

ஞாயிறு காலை ஏழரைக்கு
புதிய சிஸ்டத்துக்குள் நுழைகிறவர்
என் அப்பா, சங்கரலிங்கம்.
கோவில்பட்டி உரக்கடையை விட்டு
மதுரைக்கு அப்பால் போகாத மனிதர்
சோஹாரில், ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்தில்
தினமும் கடவுச்சொல் அடிக்கிறார்.
பாஸ்போர்ட்டில் என் பின்னால் நின்றவரை
யாரோ முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள்.
தெய்வானை என்று கூப்பிட
ரோவீனா மட்டும்தான்.
அவளும் நடு எழுத்தை விழுங்கிவிடுவாள்.

போன செமஸ்டர் வரை நான் கேட்டலாகர்.
இப்போது மெட்டாடேட்டா நிபுணர்.
கதவில் புதுப் பலகை வந்துவிட்டது.
ரெசிடென்ட் கார்டில் இன்னும் குமாஸ்தா.
சம்பளம் இரண்டையும் கவனித்த மாதிரி இல்லை.

பதினோரு வருடம்
நூறு என்றால் ஆசிரியர்,
இருநூற்று நாற்பத்தைந்து என்றால் தலைப்பு,
முந்நூறு என்றால் எத்தனை பக்கம், எத்தனை சென்டிமீட்டர்.
கடையில் பில் இருநூற்று நாற்பத்தைந்து பைசா வந்தால்
எதன் தலைப்பு என்று கண் தேடும்.
புதுத் திரையில் எண்களே இல்லை.
பெட்டிகள், அம்புகள்,
பெட்டிக்குப் பெட்டி கோடுகள்,
கல்யாண வீட்டில்
யாருக்கு யார் என்ன முறை என்று
நிறுத்தாமல் விளக்குகிற சித்தியைப் போல.

பயிற்சி கொடுக்க வந்தவன் இரண்டு நாள் இருந்தான்.
'ரொம்ப ஈஸி' என்றான்.
இத்ரீஸ் தன் நோட்டின் ஓரத்தில்
நாலு கோடு, குறுக்கே ஒன்று என
எண்ணிக்கொண்டிருந்தார்.
முப்பத்தொன்று.
கார்டு, ஃப்ளாப்பி, அப்புறம் இரண்டு சிஸ்டம்,
அவருக்கு இது ஐந்தாவது.
கார்த்தூமில் அவர் கட்டிய பட்டியல்
இப்போது எங்கே இருக்கிறதென்று
நாங்கள் கேட்பதில்லை.

ஒரே இரவில் நாற்பதாயிரம் மின்னூல்கள் இறங்கின.
லேபிள் ஒட்ட
ஒன்றுக்கும் முதுகில்லை.
ரோவீனாவின் மெஷினுக்குத் துணி போர்த்தியாயிற்று.
அவள் இப்போது இணைப்புகளைச் சொடுக்குகிறாள்,
திறக்கிறதா, திறக்கிறதா என்று.
திறக்காதவற்றுக்கு
தகாலோகில் ஏதோ சொல்கிறாள்.
மொழிபெயர்க்க மறுக்கிறாள்.

செவ்வாயன்று இயந்திரம்
சாலிம் பின் ஹமூத் இருவரை
ஒருவராக்கிவிட்டது.
ஒருவர் வாய்க்கால் தண்ணீரைப் பாடிய கவிஞர்.
மற்றவர் துறைமுகத்தின் இன்ஜினியர்.
அதே பெயர். அதே பிறந்த வருடம்.
பொருத்தம் தொண்ணூற்றேழு சதம், பச்சைக் குறி.
'உப்புக் காற்றில் இரும்பு கரையும் வேகம்'
கவிதைத் தொகுப்புகளோடு போய் உட்கார்ந்தது.
தலைப்பு மோசமில்லை என்றார் இத்ரீஸ்.

மாடியேறி
இரண்டு புத்தகங்களையும் எடுத்துவந்தார்.
ஒன்றின் கடைசிப் பக்கத்தில் பழைய போன் நம்பர்.
ஓர் இலக்கம் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்.
எடுத்தது இன்ஜினியரே,
சஹமில், ஓய்வில்.
அரபியில் நெடுநேரம் சிரிப்பு.
முப்பது வருடமாகக் கவிதைக்காக
அவர் கையைத்தான் குலுக்குகிறார்களாம்.
முதலில் மறுத்தாராம். பிறகு விட்டுவிட்டாராம்.
'ஒரு வாரம் அப்படியே இருக்கட்டுமா?'
என்று கேட்டாராம்.

இத்ரீஸ் என்னைப் பார்த்தார்.
நான் வியாழன் வரை என்றேன்.

வியாழன் மதியம் பிரித்தேன்.
பழையதில் இதற்கு ஒரு குறிப்பு எழுதுவோம்,
யாரும் படிக்காத இடத்தில்.
புதியதில் ஓர் அம்பே இருக்கிறது:
இவர் அவர் அல்லர்.
அதை இழுத்து இருவருக்கும் நடுவில் விட்டேன்.
ஒட்டிக்கொண்டது.
பிடித்திருந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை.
மறுபடி ஒரு தடவை எடுத்துவிட்டுப் போட்டேன்.

பெயர் திருத்தும் படிவத்தை
மனிதவளத்துக்கு மார்ச்சில் அனுப்பினேன்.
பதில் இன்றுதான் வந்தது:
அன்புள்ள திரு. சங்கரலிங்கம்.

மூன்று மணி. வெளியே பஸ் ஹாரன்.
ரோவீனா இருநூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறாள்.
திரையைப் பார்க்கிறேன்.
அப்பா, கிளம்பலாம்.